நாய்க்கும் பூனைக்கும் ஸ்கேன்: எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது

காலையில் துள்ளிக்கொண்டிருந்த டாஷ்ஹண்ட் நாய் சாயங்காலம் பின்னங்கால்களைத் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறது. பதறிப்போய் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு முறிவு எதுவும் இல்லை, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும்" என்கிறார் மருத்துவர். எலும்பு நன்றாக இருக்கிறதென்றால் ஏன் நடக்க முடியவில்லை, ஒரு படம் எடுத்தாகிவிட்டதே, இன்னொன்று எதற்கு, வெறும் படம் எடுக்க ஏன் மயக்க மருந்து? அந்த நேரத்தில் மனதில் ஓடும் இந்தக் கேள்விகள் எல்லாமே நியாயமானவை, ஆனால் அந்த அவசரத்தில் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால் சிலர் தேவையில்லாமல் செலவு வைக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறார்கள், சிலர் பெரிய மெஷினுக்குள் வைத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வொரு விஷயத்தைத்தான் பார்க்கிறது, மற்றதைப் பார்ப்பதே இல்லை. எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் படம் எடுத்தால், எவ்வளவு பெரிய மெஷினும் உதவாது.

மனித மருத்துவத்தில் இருக்கும் அதே மெஷின்கள்தான் இங்கேயும். ஆனால் நோயாளி வேறு மாதிரி. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாம படுங்க" என்றால் கேட்காது. வளர்ப்புப் பிராணிகளுக்கு ஸ்கேன் எடுப்பதில் உள்ள சிரமங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

எக்ஸ்ரேயிலிருந்தே தொடங்கலாம். 1895 நவம்பரில் ரான்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார், அடுத்த வருஷமே கால்நடை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்றைக்கும் பெரும்பாலான மருத்துவமனைகளில் முதலில் எடுக்கப்படுவது இதுதான், அதில் தப்பே இல்லை. எலும்பு முறிவு, விழுங்கிய நாணயம், நெஞ்சில் நீர் கோத்திருப்பது, நுரையீரலில் சளிக்காய்ச்சல் எல்லாம் நிமிஷங்களில் தெரிந்துவிடும். பெரிய நெஞ்சுள்ள கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஒரு நோய் உண்டு, மணிக்கணக்கில் உயிரைப் பறித்துவிடும். அதை உறுதி செய்ய வலது பக்கமாகப் படுக்க வைத்து எடுத்த ஒரே ஒரு எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். இரைப்பை இரண்டு காற்றுப் பைகளாகப் பிரிந்து தெரியும். அந்த நாயை வேறு பெரிய ஸ்கேனுக்காகக் காத்திருக்க வைப்பது ஆபத்து.

கருவுற்ற நாயின் வயிற்றில் எத்தனை குட்டி என்று எண்ணுவதற்கும் அல்ட்ராசவுண்டைவிட எக்ஸ்ரேதான் நம்பகமானது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அல்ட்ராசவுண்டில் சுமார் 25 நாளிலேயே இதயத் துடிப்பைப் பார்த்துவிடலாம், ஆனால் ஒரே குட்டியை இரண்டு முறை எண்ணிவிடவோ ஒன்றை விட்டுவிடவோ வாய்ப்பு அதிகம். குட்டிகளின் எலும்பு நன்றாகக் கெட்டிப்பட்ட பிறகு, அதாவது 55 நாளுக்கு மேல் எடுத்த எக்ஸ்ரேயில் மண்டை ஓடுகளையும் முதுகெலும்புகளையும் நிதானமாக எண்ணிவிடலாம்.

எக்ஸ்ரேயின் குறை அதன் இயல்பிலேயே இருக்கிறது. அதற்குக் காற்று, கொழுப்பு, நீரும் தசையும், எலும்பு, உலோகம் என்று ஐந்து வகை நிறம்தான் தெரியும். ரத்தம், சிறுநீர், கல்லீரல், தண்டுவடம், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் எல்லாம் அதன் கண்ணுக்கு ஒரே சாம்பல். போதாதற்கு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். மூன்று பேர் வரிசையாக நின்றால் சுவரில் ஒரே நிழல் விழுவது மாதிரி. அந்த டாஷ்ஹண்டின் எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்ததும், நாயால் நடக்க முடியாததும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிவது இதனால்தான். பிதுங்கிய டிஸ்க்கும் நசுங்கிய தண்டுவடமும் அந்தச் சாம்பலுக்குள் இருக்கின்றன.

அல்ட்ராசவுண்டில் கதிர் கிடையாது, ஒலிதான். பூனையை மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கவாட்டில் சரிந்துவிடாமல் இருக்கப் பள்ளமான மெத்தையில் நிறுத்தி, வயிற்று முடியை வழித்து, ஜெல் தடவி, ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் ப்ரோபை வைக்கிறார்கள். முடியை ஏன் வழிக்க வேண்டும் என்று பலர் வருத்தப்படுவார்கள். ரோமத்துக்கு இடையில் சிக்கிய காற்று ஒலியை உள்ளே விடாது, படம் பாழாகிவிடும், வேறு காரணம் இல்லை. அதே காரணத்தால் குடலில் நிறைய காற்று இருந்தால் அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது, எலும்புக்குப் பின்னாலும் தெரியாது. உருவத்தில் சின்னதாக இருப்பது இங்கே ஒரு வசதி. அதிர்வெண் கூடக் கூட படம் நுணுக்கமாகும், ஆனால் ஆழம் குறையும். பூனைக்கும் சின்ன நாய்க்கும் ஆழம் தேவையில்லை என்பதால் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் போகலாம். குடல் சுவரின் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உள் அடுக்குகளைக்கூட ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

பூனை நூலை விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் எக்ஸ்ரேயில் தெரியாது. அதன் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொண்டிருக்க, குடல் அந்த நூலின் மேல் சுருக்குப் போட்ட துணி போல் சேர்ந்துகொள்ளும். அந்த மடிப்புகள் அல்ட்ராசவுண்டில் அலை அலையாகத் தெரியும், நடுவே நேர்கோடாக நூல். அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் நூல் குடல் சுவரை அறுத்துவிடும். அதேபோல அடிபட்டு வந்த நாய்க்கு வயிற்றில் நான்கு இடங்களில் மட்டும் ப்ரோபை வைத்து, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று ஓரிரு நிமிஷத்தில் பார்த்துவிடும் முறை இப்போது அவசர சிகிச்சையில் சாதாரணமாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும்: மற்ற எல்லா ஸ்கேனையும்விட அல்ட்ராசவுண்ட்தான் எடுப்பவரின் கையை அதிகம் நம்பியிருக்கிறது. ப்ரோப் போகாத இடம் படத்தில் இருக்கவே இருக்காது, பின்னால் வேறு யாரும் பார்த்துச் சரிசெய்யவும் முடியாது. "ஸ்கேன் நார்மல்" என்று கேட்டவுடன், யார் எடுத்தார்கள், முழு வயிற்றையும் பார்த்தார்களா இல்லை அவசரத்துக்கு நான்கு இடம்தான் பார்த்தார்களா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இதயத்துக்கான எக்கோவும் அல்ட்ராசவுண்ட்தான். ஆனால் அதைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பூனை திடீரென்று கத்திக்கொண்டே பின்னங்கால்களை இழுக்கிறது என்றால், பார்ப்பதற்கு முதலில் சொன்ன நாயின் நிலை போலவே இருக்கும். ஆனால் பூனையில் இதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இதயத்தில் உருவான ரத்தக்கட்டி, பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் பெருந்தமனியை அடைத்துக்கொள்வது. கால்கள் ஜில்லென்று இருக்கும், தொடையில் நாடி கிடைக்காது, நகத்தின் அடிப்பகுதி நீலம் பாய்ந்திருக்கும். கையால் தொட்டுப் பார்த்தே ஒரு நல்ல மருத்துவர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார். அந்தப் பூனைக்குத் தேவை இதயத்தின் எக்கோ. முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தால் நேரமும் போகும், பலவீனமான இதயத்தோடு மயக்க மருந்தும் ஏறும். அறிகுறி ஒன்றாக இருந்தாலும் தேட வேண்டிய இடம் வேறு என்றால் மெஷினும் வேறாகிவிடுகிறது.

பூனைகளில் சுமார் ஏழில் ஒன்றுக்கு இதயத் தசை தடித்துப்போகும் நோய் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். பல பூனைகளுக்கு வெளியே எந்த அறிகுறியும் இருக்காது, எக்ஸ்ரேயிலும் இதயம் சாதாரண அளவிலேயே தெரியலாம், ஏனென்றால் சுவர் உள்பக்கமாகத் தடிக்கிறது. எக்கோவில் இதயம் விரிந்திருக்கும் நேரத்தில் இடது கீழறையின் சுவர் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தடிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள், 5-க்கும் 6-க்கும் நடுவே இருந்தால் சந்தேகம். ஒரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் முடிவு மாறும் இடம் இது, அதனால்தான் எக்கோவில் அனுபவமுள்ளவரிடம் போகச் சொல்கிறார்கள்.

வயதான சின்ன இன நாய்களின் கதை வேறு. இடது பக்க வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கிக் கசியும். ஸ்டெத்தில் முணுமுணுப்பு கேட்கும், ஆனால் நாய் நன்றாகவே இருக்கும், வருஷக்கணக்கில்கூட. எப்போது மருந்து ஆரம்பிப்பது என்பதில் நீண்ட காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 2016-ல் வெளியான எபிக் ஆய்வு, இதயம் பெரிதாகியிருந்தும் இன்னும் அறிகுறி வராத நாய்களுக்குப் பிமோபென்டான் என்ற இதய மருந்தைக் கொடுத்தால் இதயச் செயலிழப்பு வருவது சராசரியாக 15 மாதம் தள்ளிப்போகிறது என்று காட்டியது. 15 மாதம் என்பது ஒரு நாயின் ஆயுளில் சின்ன விஷயம் இல்லை. ஆனால் இந்தப் பலன் இதயம் குறிப்பிட்ட அளவுக்குப் பெரிதான நாய்களுக்குத்தான் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவை எக்கோவில்தான் சரியாக எடுக்க முடியும். எக்கோ வசதி இல்லாத இடத்தில் எக்ஸ்ரேயில் இதயத்தின் நீள அகலத்தை முதுகெலும்புகளின் அளவோடு ஒப்பிட்டு ஒரு எண் போடுவார்கள், பியுகனன் 1995-ல் அறிமுகப்படுத்திய முறை. நாய்களுக்குச் சராசரி 9.7, பெரும்பாலானவற்றுக்கு 10.5-க்குள் இருக்கும். ரிப்போர்ட்டில் இப்படி ஒரு எண் இருந்தால் அது என்ன என்று இனி தெரியும்.

சரி, இப்போது சிடி ஸ்கேன். இதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்ட் முதல் சோதனைகளில் மாட்டு மூளையைத்தான் வைத்துப் படம் எடுத்தார் என்பது இந்தக் கட்டுரைக்குப் பொருத்தமான தகவல். ஆரம்பத்தில் ஒரு படம் எடுக்க 9 நாள் ஆனதாம். 1971 அக்டோபர் 1-ல் லண்டனில் முதல் மனித நோயாளிக்கு எடுத்தார்கள், 1979-ல் நோபல் பரிசு. இன்றைய மெஷின் ஒரு நாயின் நெஞ்சு முழுவதையும் சில நொடிகளில் எடுத்து முடித்துவிடும். எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் அளந்து, கம்ப்யூட்டர் அதை மெல்லிய குறுக்குவெட்டுகளாக மாற்றித் தருகிறது. ஒன்றின் மேல் ஒன்று விழும் பிரச்சினை இங்கே இல்லை. தண்ணீரை 0 என்றும் காற்றை மைனஸ் 1000 என்றும் வைத்து ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு அடர்த்தி எண் கிடைக்கும், அதனால் ரத்தம், கொழுப்பு, சுண்ணாம்பு படிந்த டிஸ்க் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

சிடியின் சொந்த ஊர் என்று மூக்கைச் சொல்லலாம். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் மாதக்கணக்கில் ரத்தம் கலந்த சளி வருகிறது, ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கொஞ்சம் குறைந்து மறுபடி வருகிறது என்றால் அது புற்றுநோயா, பூஞ்சையா, உள்ளே போன புல்லின் கதிரா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. நாயின் நீண்ட மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய எலும்புத் தகடுகள் இருக்கின்றன. பூஞ்சை அவற்றை அரித்து வெற்றிடமாக்கும், கட்டி அந்த இடத்தை அடைத்துக்கொண்டு வளரும். எக்ஸ்ரேயில் கலங்கலாகத் தெரிகிற இந்த வித்தியாசம் சிடியில் பளிச்சென்று தெரியும், மூக்கையும் மூளையையும் பிரிக்கும் மெல்லிய எலும்பில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதும் தெரியும். கதிர்வீச்சு சிகிச்சை தருவதாக இருந்தால் அந்தக் கடைசித் தகவல் இல்லாமல் திட்டமே போட முடியாது. வளரும் லாப்ரடார், ராட்வைலர் குட்டிகள் முன்னங்கால் நொண்டுவதற்குக் காரணமான முழங்கை எலும்புத் துண்டு, பிறவியிலேயே கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் தவறான ரத்தக்குழாய், இவற்றுக்கெல்லாம் சிடிதான். ரத்தக்குழாயைப் பார்க்க அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை, அதாவது படத்தில் பளிச்சென்று தெரியவைக்கும் மருந்தை, ரத்தநாளத்தில் ஏற்றிவிட்டு எடுப்பார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்ற கேள்வியில் வித்தியாசம் இன்னும் பெரிது. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான புள்ளிகள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தப்பிவிடும். சிடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதும் தெரியலாம். காலை எடுக்கும் அளவுக்குப் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் ஏற்கனவே பரவிவிட்டதா என்பது தெரிந்தால் முடிவே மாறலாம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். மயக்கத்தில் ஒரு பக்கமாகவே படுத்திருந்தால் அடியில் இருக்கும் நுரையீரல் காற்றில்லாமல் சுருங்கிவிடும், அது நோய் போலவே தெரியும். அதனால் குப்புறப் படுக்க வைத்து, குழாய் வழியாக நுரையீரலைக் காற்றால் நிரப்பி, அந்தச் சில நொடிகள் மூச்சை நிறுத்தி வைத்துப் படம் எடுப்பார்கள். மூச்சுத் திணறலோடு வந்த பூனைக்கு இதெல்லாம் செய்ய முடியாது. அதற்காக, ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் ஆக்சிஜனோடு பூனையை உட்கார வைத்து, மயக்கம் தராமலே சில நொடியில் எடுக்கும் முறையும் வந்துவிட்டது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாமல் விடை கிடைக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றங்களில் இது ஒன்று.

எம்ஆர்ஐ முற்றிலும் வேறு வகை. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சே இல்லை. உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்களை வலுவான காந்தப் புலத்தில் வரிசைப்படுத்தி, ரேடியோ அலையால் தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் சிக்னலைப் படமாக்குகிறார்கள். 1973-ல் லாட்டர்பர் இதற்கு அடித்தளம் போட்டார், 2003-ல் மான்ஸ்ஃபீல்டோடு நோபல் கிடைத்தது. வழக்கமான 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) மெஷினின் காந்தம் பூமியின் காந்தத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு வலிமை. பல கால்நடை மருத்துவமனைகளில் 0.2 முதல் 0.4 டெஸ்லா வரையிலான சிறிய மெஷின்கள் இருக்கின்றன. டிஸ்க் பிதுங்கியதைப் பார்க்க அவையும் உதவும், ஆனால் நேரம் அதிகமாகும், மூளையின் நுணுக்கமான இடங்களில் படத்தின் தரம் குறையும். தண்ணீரின் அளவும் இருப்பும் நோய்பட்ட திசுவில் மாறிவிடுவதால், சிடியில் ஒரே மாதிரி தெரிகிற மூளையும் தண்டுவடமும் இதில் அடுக்கடுக்காகப் பிரியும்.

அந்த டாஷ்ஹண்டுக்கு எம்ஆர்ஐ கேட்டதற்குக் காரணம் இதுதான். குட்டைக்கால் இனங்களில் டிஸ்க்குகள் சின்ன வயதிலேயே ஈரம் வற்றிக் கெட்டியாகி, ஒருநாள் வெடித்துத் தண்டுவடத்தின் மேல் போய் மோதும். ஹான்சன் என்ற ஆய்வாளர் 1952-லேயே இதை விவரமாக எழுதிவிட்டார். டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் இது வருகிறது. ஆனால் திடீரென்று கால் விழுந்த நாய் எல்லாமே டிஸ்க் கேஸ் இல்லை. விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை கத்திவிட்டு விழுந்து, அப்புறம் வலியே இல்லாமல் ஒரு பக்கம் அதிகமாகச் செயலிழந்து இருந்தால், டிஸ்க்கின் சிறு துணுக்கு தண்டுவடத்தின் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். முதலாவதில் அறுத்து அழுத்தத்தை எடுக்க வேண்டியிருக்கும், இரண்டாவதில் அறுக்கவே கூடாது, பிசியோதெரபியும் பொறுமையும்தான் சிகிச்சை. எம்ஆர்ஐ இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும். டிஸ்க்தான் என்றால் எந்த இரண்டு எலும்புக்கு நடுவே, வலப்பக்கமா இடப்பக்கமா என்று அறுவை மருத்துவருக்குக் கத்தி வைக்கும் இடத்தையே காட்டிவிடும். முன்பு இதற்காகத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் ஊசி போட்டுக் கான்ட்ராஸ்ட் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள், சில நாய்களுக்கு அதனாலேயே வலிப்பு வந்தது.

எம்ஆர்ஐ பக்கத்தில் இல்லாவிட்டால்? டாஷ்ஹண்ட் போன்ற இனங்களில் பிதுங்கிய டிஸ்க்கில் சுண்ணாம்பு படிந்திருப்பதால் சாதாரண சிடியிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும், சில நிமிஷ வேலை. இங்கே நேரம் மிக முக்கியம். கால் விரலை இடுக்கியால் அழுத்தினால் நாய் திரும்பிப் பார்க்கிறதா, கடிக்க வருகிறதா என்று மருத்துவர் சோதிப்பார். காலை மட்டும் இழுத்துக்கொண்டால் அது அனிச்சைச் செயல்தான், வலி மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த ஆழ்ந்த வலி உணர்வு இருக்கும்போதே அறுவைச் சிகிச்சை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மறுபடி நடக்கின்றன. அது போய்விட்ட பிறகு என்றால் ஏறக்குறைய பாதிதான். அதனால் நல்ல மெஷினைத் தேடி இரண்டு நாள் காத்திருப்பதைவிட, பக்கத்தில் கிடைக்கிற சிடியை இன்றைக்கே எடுப்பது பல நேரம் சரியான முடிவு.

வலிப்புக்கும் எம்ஆர்ஐ கேட்பார்கள், ஆனால் எல்லா நாய்க்கும் உடனே தேவையில்லை. சர்வதேச கால்நடை வலிப்புநோய்க் குழு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முதல் வலிப்பு 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் நடுவே வந்திருந்து, இரண்டு வலிப்புகளுக்கு நடுவே குறைந்தது 24 மணி நேர இடைவெளி இருந்து, இடைப்பட்ட நேரத்தில் நரம்புப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருந்தால், பரம்பரை வகை வலிப்பு என்று எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்க இடம் உண்டு. முதல் வலிப்பே ஒன்பது வயதில் வந்தால் கதை வேறு, மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வயதான பூனைகளின் மூளை உறையில் வரும் கட்டி பல நேரம் மெதுவாக வளர்கிற, அறுத்து எடுக்கக்கூடிய வகை. எடுத்த பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் நன்றாக வாழும் பூனைகள் நிறைய. கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் நடந்துகொண்டே கழுத்தருகே காற்றில் சொறிகிறது என்றால், மண்டை ஓட்டில் இடம் போதாமல் தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாகியிருக்கலாம், அதை உறுதிப்படுத்துவதும் எம்ஆர்ஐதான்.

இன்னொரு பக்கம், வயதான நாய் திடீரென்று தலையைச் சாய்த்துக்கொண்டு, கண் படபடவென்று ஓட, ஒரு பக்கமாகவே சரிந்து விழுகிறது. பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் என்றே தோன்றும், சிலர் அன்றைக்கே கருணைக்கொலை பற்றிக்கூடப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் உள்காதின் சமநிலை உறுப்பில் காரணம் தெரியாமல் வரும் கோளாறு வயதான நாய்களில் சகஜம். பெரும்பாலும் மூன்று நாளில் முன்னேற்றம் தெரியும், இரண்டு மூன்று வாரத்தில் தலை கொஞ்சம் சாய்ந்தபடி மறுபடி நடமாடும். நரம்புப் பரிசோதனையில் மூளைத்தண்டு பாதிக்கப்பட்ட அறிகுறி இல்லையென்றால் சில நாள் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. தயவுசெய்து அந்த முதல் நாளில் எந்த முடிவும் எடுத்துவிடாதீர்கள்.

மயக்க மருந்துக்கு வருகிறேன். எம்ஆர்ஐ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும், ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் படம் கலங்கும், உள்ளே 100 டெசிபலுக்கு மேல் சத்தம். மயக்கத்தில் இருக்கும் பிராணிக்கும் காதில் பஞ்சு வைப்பார்கள். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவும் ஹங்கேரியில் ஒரு குழுவும் நாய்களைப் பழக்கி, மயக்கம் இல்லாமலே எம்ஆர்ஐக்குள் அசையாமல் படுக்க வைத்து மூளை ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஆனால் அவை மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற, வலியில்லாத, ஆரோக்கியமான நாய்கள். முதுகு வலியில் துடிக்கும் நாயிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட நாய், பூனைகளை வைத்துச் செய்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், ஆரோக்கியமான நாய்களில் மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு 2,000-ல் ஒன்று அளவிலும், பூனைகளில் 900-ல் ஒன்று அளவிலும் இருந்தது. நோயுற்றவற்றில் இரண்டுக்குமே நூற்றுக்கு ஒன்றைத் தாண்டியது. ஆக, பயந்து ஓட வேண்டியதில்லை, ஆனால் அதை வெறும் சம்பிரதாயமாக நினைக்கவும் முடியாது. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை, மயக்கத்தைத் தனியாகக் கவனிக்க ஒருவர், விழிக்கும்வரை கூடவே இருந்து சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் இருக்கிறதா என்று கேட்கலாம். அந்த ஆய்விலேயே இறப்புகளில் கணிசமானவை மயக்கம் முடிந்து விழிக்கும் நேரத்தில்தான் நடந்தன.

தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். எடுக்கலாம், ஆனால் சிப் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் குழி விழும். கழுத்தைப் பார்ப்பதற்கான ஸ்கேன் என்றால் அது தொல்லை. பழைய அறுவைச் சிகிச்சையின் உலோகத் தகடு, உடம்பில் தங்கிய துப்பாக்கி ரவை இவற்றையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அணு மருத்துவப் படங்கள் இன்னும் சில பெரிய மையங்களில்தான். ஆறு மணி நேர அரை ஆயுள் கொண்ட டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி, பூனையின் தைராய்டு எங்கெல்லாம் அளவுக்கு மீறி வேலை செய்கிறது, எந்த எலும்பில் நோய் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கதிரியக்கம் அடங்கும்வரை பிராணியை மருத்துவமனையிலேயே தனியாக வைத்திருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் படம் சொல்லாத விஷயங்கள் உண்டு, இதைத்தான் பலரும் கடைசியில் ஏமாற்றத்தோடு தெரிந்துகொள்கிறார்கள். வயதான நாயின் மண்ணீரலில் ஒரு கட்டி இருப்பது அல்ட்ராசவுண்டில் நன்றாகத் தெரியும். அது சாதாரண ரத்தக்கட்டா, ஆபத்தான புற்றுநோயா என்று படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எதிர்மாறாக, தேடாதது கண்ணில் படுவதும் உண்டு: வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அட்ரினல் சுரப்பியில் ஒரு சின்ன முடிச்சு, அதைப் பின்தொடர்ந்து இன்னும் நான்கு சோதனை. வலிப்பு வந்த சூட்டோடு எடுத்த எம்ஆர்ஐயில் வலிப்பின் விளைவாகவே மூளையின் சில இடங்கள் வெளுத்துத் தெரியலாம், சில வாரங்கள் கழித்து எடுத்தால் அது இருக்காது. அதைக் கட்டி என்று படித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் படிப்பவர் முக்கியம். கால்நடை ரேடியாலஜியில் தனியாகப் பயிற்சி பெற்றுத் தேர்வெழுதிய நிபுணர்கள் குறைவு, படங்களை இணையம் வழியாக அனுப்பி எங்கோ இருக்கும் நிபுணரிடம் ரிப்போர்ட் வாங்குவது இப்போது வழக்கம். அது நல்ல விஷயம்தான், ஆனால் அவருக்கு நோயின் கதையும் பரிசோதனை விவரமும் சேர்ந்து போக வேண்டும். "நாய், 7 வயது, நடக்கவில்லை" என்று மட்டும் அனுப்பினால் வருகிற ரிப்போர்ட்டும் அந்த அளவில்தான் இருக்கும். எக்ஸ்ரேக்களைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும் நிறைய வந்துவிட்டன. இதயம் பெரிதாகியிருக்கிறதா என்பது போன்ற அளவெடுக்கும் வேலைகளில் அவை உதவும் என்று நினைக்கிறேன், ஆனால் இரண்டு கிலோ சிவாவாவிலிருந்து எழுபது கிலோ மாஸ்டிஃப் வரை ஒவ்வொரு இனத்தின் இயல்பான படமும் வேறு வேறு. தட்டையான முகமுள்ள நாயின் நெஞ்சு எக்ஸ்ரேயில் இயல்பாகத் தெரிவது இன்னொரு இனத்தில் நோயாக இருக்கும். மனிதக் கண் கடைசியாகப் பார்க்காமல் சிகிச்சையை முடிவு செய்யும் நிலைக்கு அவை வந்துவிட்டதாக நான் நம்பவில்லை.

ஸ்கேன் வேண்டும் என்று சொல்லும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் எதைத் தேடுகிறீர்கள், அது இருந்தால் என்ன செய்வோம், இல்லாவிட்டால் என்ன செய்வோம்?" என்பது. இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், உதாரணமாகப் பதினாறு வயது நாய்க்கு எந்த முடிவு வந்தாலும் அறுவைச் சிகிச்சை செய்யப் போவதில்லை என்று குடும்பம் ஏற்கனவே தீர்மானித்திருந்தால், அந்த ஸ்கேனைத் தவிர்த்துவிட்டு வலியைக் குறைக்கும் சிகிச்சையில் கவனம் செலுத்தலாம்; அதில் குற்ற உணர்வு கொள்ள எதுவும் இல்லை. பதில்கள் வேறு வேறு என்றால் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்ரே அறையில் பிராணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால், கர்ப்பிணிகளும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் கட்டாயம் வெளியே இருக்க வேண்டும். ஈயக் கவசம் சிதறி வரும் கதிரைத்தான் தடுக்கும், நேராக வரும் கதிருக்குள் கை போகவே கூடாது. லேசான மயக்கம் கொடுத்து, மணல் பை வைத்து எடுப்பது எல்லோருக்கும் பாதுகாப்பு. எல்லாம் முடிந்ததும் அச்சடித்த ஃபிலிமையோ திரையை ஃபோனில் எடுத்த ஃபோட்டோவையோ வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவக் கோப்புகளாக பென்டிரைவில் முழுவதுமாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு மருத்துவர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, அளந்து, ஒவ்வொரு குறுக்குவெட்டாகப் பார்க்க அது இருந்தால்தான் முடியும், இல்லாவிட்டால் பிராணியை மறுபடி மயக்கத்தில் ஆழ்த்தி முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.